மெதுவான கார்டு

“கதவைச் சாத்து, எருமை!”

கூடத்து மூலையிலிருந்து குரல் இடி மாதிரி விழுந்தது. அப்போதுதான் உள்ளே காலடி வைத்த மாடி வீட்டுப் பெண்மணி, திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டியைத் தரையில் போட்டுவிட்டாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்தித்தான் இருந்தது.

வீட்டு அம்மாள் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். “உங்களை இல்லம்மா. இது எனக்குச் சொன்னது. விடியக்காலம் காத்தடிச்சப்போ சொன்னார். இப்பதான் வந்து சேருது.”

மாடி வீட்டுப் பெண்மணி மூலையைப் பார்த்தாள். சக்கர நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பலகை, பலகைமேல் டேப்லெட். அவர் உதடு அசையவில்லை. அசைந்து இரண்டு வருடமாகிறது.

பெரியவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் தொண்டையைச் செருமினால் நடைமேடையே திரும்பிப் பார்க்கும் என்பார்கள். ஓய்வு பெற்ற கையோடு தசைகளை ஒவ்வொன்றாகத் தின்னும் நோய் வந்தது. குரல் போய்விடும், இருக்கும்போதே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னார். மனிதர் மாதக்கணக்கில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான சொற்களைத் தன் குரலிலேயே பதிந்து வைத்தார். இப்போது இடது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மிச்சம். அது திரையில் சொல்லைத் தொட்டால், டேப்லெட் அவர் குரலில் பேசும். தலை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். அதை வைத்து ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

எந்தெந்தச் சொல்லைப் பதிவது என்பதை அவரேதான் முடிவு செய்தார். எருமை இருந்தது. மூதேவி, தண்டம், சனியன், எல்லாம் இருந்தன. மனைவிக்கென்று தனியாகச் சிவப்புக் கட்டங்கள் வைத்து, ஒரே தொடுதலில் முழுத் திட்டும் வரும்படி செய்திருந்தார். தட்டு வரக் கொஞ்சம் நேரமானால், “பயணிகள் கவனத்திற்கு, இன்றும் சாப்பாடு தாமதம்” என்று பழைய நிலையக் குரலில் அறிவிப்பு வரும். விருந்தாளிகள் சிரிப்பார்கள். அம்மாளும் சிரித்து வைப்பாள்.

நான்கைந்து மாதமாக அந்தக் குரலுக்குத்தான் கேடு வந்திருந்தது. தொட்ட சொல் உடனே வருவதில்லை. சில சமயம் ஒரு நிமிடம், சில சமயம் அரை நாள். பகல் சாப்பாட்டுக்குள் பேட்டரியும் காலி. சார்ஜரைச் செருகிக்கொண்டே பேசலாம் என்றால், விரல் ஒரு கட்டத்தைத் தொட, திரை இன்னொரு கட்டத்துக்குத் தாவியது.

அன்று காலை முழுவதும் பெரியவர் ஒரே கட்டத்தைத்தான் குத்திக்கொண்டிருந்தார். மாடி வீட்டுப் பெண்மணி இஸ்திரிப் பெட்டியைப் பொறுக்கி எடுத்து நிமிர்ந்தபோது, அத்தனை குத்தும் ஒன்றாக வெடித்தது. “ஸ்க்ரூவைக் கூப்பிடு. ஸ்க்ரூவைக் கூப்பிடு. ஸ்க்ரூவைக் கூப்பிடு.”

ஸ்க்ரூ என்பது அவருடைய ஒரே மாப்பிள்ளை. கடைத்தெருவில் போன், டேப்லெட் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். பெண் கேட்டு வந்த அன்றே மாமனார் வைத்த பெயர் அது. அம்மாள் சாயந்திரம் சொல்லிவிடுகிறேன் என்றாள். மாடி வீட்டுப் பெண்மணிக்குப் பொறுக்கவில்லை. டேப்லெட்டின் முதுகில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரில் எண்ணைப் பார்த்துத் தானே போன் போட்டாள். நாளைக்கு டாக்டர் வருகிற வீட்டில் இதென்ன அலட்சியம் என்று மாப்பிள்ளையிடமே கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மறுநாள் வருவது சாதாரண டாக்டர் இல்லை. பெரியவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்று மகள் விண்ணப்பித்திருந்தாள். அவரைக் குளிக்க வைக்கத் தூக்கியபோது அம்மாள் அவரோடு சேர்ந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். மகள் அதைப் பார்த்த பிறகு எழுதிய விண்ணப்பம் அது. விதி எளிமையானது. நோயாளி தன் விருப்பத்தைத் தானே, தெளிவாகச் சொன்னால் அதுதான் முடிவு. சொல்லத் தெரியவில்லை என்றால் குடும்பம் கேட்டபடி நடக்கும். பெரியவருக்கு இல்லத்துக்குப் போக விருப்பமில்லை. அம்மாளும் தெருவே கேட்க அழுதிருந்தாள், அவரை அனுப்பினால் தன் பிணம்தான் கிடைக்கும் என்று.

மாப்பிள்ளை பையோடு வந்து சேர்ந்தான். மாமனார் திரையைக் குத்தினார். மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, டேப்லெட்டைக் கையில் எடுத்த பிறகுதான் வரவேற்பு வந்தது. “வா ஸ்க்ரூ. கடையில ஈ ஓட்டி முடிஞ்சுதா?”

அவன் டேப்லெட்டின் முதுகைத் தொட்டுப் பார்த்தான். கொதித்தது. போன மாதம்தான் புது பேட்டரி போட்டிருந்தான். உப்பவில்லை, நன்றாகத்தான் இருந்தது. திரை வெளிச்சத்தைக் குறைத்தான், தேவையில்லாத செயலிகளை மூடினான். சூடு குறையவில்லை. அப்புறம் ஒரு குண்டூசியால் பக்கவாட்டு ஓட்டையில் குத்தி, தட்டை வெளியே இழுத்து, மெமரி கார்டைக் கழற்றி வைத்தான். டீ குடித்து முடிப்பதற்குள் முதுகு ஜில்லென்று ஆகிவிட்டது. பேட்டரியும் இறங்காமல் நின்றது.

“கார்டுதான் அத்தை,” என்றான். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு விளக்கிச் சொன்னான். மாமாவின் குரல் முழுவதும் இந்தக் கார்டில்தான் இருக்கிறது. கார்டு கெட்டுக்கொண்டு வருகிறது. ஒரு சொல்லை எடுக்கப் பத்துத் தரம் தேடுகிறது. அது தேடுகிற வரை டேப்லெட் தூங்க முடியாமல் பேட்டரியைத் தின்கிறது. வேகத்தைச் சோதித்துக் காட்டினான். கார்டின் மேல் புலிப் படம், உள்ளே ஆமை ஓட்டம். அம்மாள் இதையெல்லாம் எப்படிக் கழற்றுவது என்று கேட்டாள். அவனும் பொறுமையாக, குண்டூசியை அவள் கையிலேயே கொடுத்துச் சொல்லிக் கொடுத்தான்.

குரல் பதிவின் நகல் ஒன்றைக் கடைக் கம்ப்யூட்டரில் அவன் வைத்திருந்தான். போய், நல்ல கார்டு ஒன்றில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டான். பழைய கார்டைக் குப்பையில் போடும்படி அத்தையிடம் கொடுத்தான்.

பெரியவர் விரலை வைத்தார். விரலை எடுப்பதற்குள் குரல் வந்தது. மறுபடி வைத்தார். மறுபடி வந்தது. அவர் கண் அகலமானது. மூன்றாவது தொடுதல் சிவப்புக் கட்டம். குரல் நேராகச் சமையலறைக்குப் போனது. அம்மாள் கையிலிருந்த டம்ளர் தளும்பியது.

புறப்படும்போது மாமனார் அவனை நிறுத்தினார். விரல் கட்டம் கட்டமாகத் தேடித் தேடி ஒரு வாக்கியத்தைக் கட்டியது. கெஞ்சுவதற்கான சொல் எதையும் அவர் பதிந்து வைத்திருக்கவில்லை. இருந்ததெல்லாம் அதட்டல். அதனால் வேண்டுகோளும் அதட்டலாகவே வந்தது. “ஸ்க்ரூ. என்னை. அங்கே. அனுப்பாதே!” கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது. மாப்பிள்ளை முதல் தடவையாக அவர் கையைப் பிடித்தான். நாளைக்கு நானே வந்து பக்கத்தில் நிற்கிறேன் மாமா என்றான்.

மறுநாள் டாக்டர் அம்மா வந்தார். வெள்ளை முடி, நிதானமான பேச்சு. வந்ததும் விதியைச் சொன்னார். கேள்வி முடிகிற வரை டேப்லெட்டை வேறு யாரும் தொடக் கூடாது, யாரும் எடுத்துக்கொடுக்கவும் கூடாது. மகளும் மாப்பிள்ளையும் சுவரோரம் நின்றார்கள். அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவருக்குப் பின்னால் நின்றாள்.

“வணக்கம் சார். இப்ப எந்த மாசம் நடக்குது?”

பெரியவர் தொட்டார். சத்தமில்லை. மறுபடி தொட்டார். மாப்பிள்ளை ஓரடி முன்னால் வந்து, விதி நினைவுக்கு வந்து நின்றுகொண்டான்.

டாக்டர் காத்துப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். “நீங்க எதுல உக்காந்திருக்கீங்க?”

“மார்ச்,” என்றது கணீர் குரல்.

டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டார். பெரியவரின் விரல் வேகவேகமாகத் தட்டியது. டாக்டர், அவர் மனைவியைக் காட்டி, இவங்க யார் என்று கேட்டார்.

“நாற்காலி.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பெரியவரின் தலை பலமாக ஆடியது. விரல் திரையை அடிக்க ஆரம்பித்தது. வீட்டில் உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று டாக்டர் குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டார். கேட்டு முடித்ததும் தேங்கி நின்றதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டியது. “மனைவி. இல்லை இல்லை. மூதேவி. மார்ச். கதவைச் சாத்து. ஸ்க்ரூ. ஸ்க்ரூ. தண்டம்.”

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு, கடைசியாக ஒன்று மட்டும் கேட்கிறேன் என்றார். நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?

பெரியவர் அவசரத்தை விட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக, பார்த்துப் பார்த்து, அழுத்தினார். பிறகு விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். அறையே காத்திருந்தது. “நான்,” என்றது டேப்லெட். திரை கறுத்தது. பேட்டரி முடிந்துவிட்டது.

டாக்டர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். “நீங்கதானே இதைப் பழுது பாக்கறவர்? மிஷின் கோளாறுன்னா தயங்காம சொல்லுங்க. சரி பண்ணிக் கொண்டாங்க, நான் முதல்லேருந்து மறுபடி கேக்கறேன். ஒரு மனுஷனோட முடிவு இது.”

மாப்பிள்ளை டேப்லெட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். முதுகு கொதித்தது. குண்டூசியால் குத்தித் தட்டை இழுத்தான். உள்ளே இருந்தது நேற்றைய பழைய கார்டு. ராத்திரி முழுக்கத் தேடித் தேடிப் பேட்டரியைத் தின்று தீர்த்திருக்கிறது.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அத்தை வந்து நின்றாள். கட்டுப் போட்ட கையை வயிற்றோடு அணைத்திருந்தாள்.

“உங்க பொண்ணு வேலையா?” என்று அடிக்குரலில் கேட்டான்.

“அவளுக்கு இதைத் தொறக்கவே தெரியாதே மாப்பிள்ளை. நீங்க எனக்குத்தானே சொல்லிக் குடுத்தீங்க.” நல்ல கையை விரித்தாள். உள்ளங்கையில் புதுக் கார்டு இருந்தது.

அவன் அவளையே பார்த்தான். ஊருக்கு முன்னால் அழுதது என்ன என்று கேட்டான். அழாமல் இருந்திருந்தால் எல்லாரும் முதலில் என்னைத்தானே சந்தேகப்படுவார்கள் என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கார்டு தானாகத்தான் கெட்டது, அதில் அவள் கை இல்லை. ஆனால் கெட்ட பிறகு, அவர் தொட்டு, திட்டு வந்து சேர்வதற்குள் அவள் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போய்விடலாம் என்று தெரிந்தது. கீழே ஆளில்லாத கூடத்தில் அவர் திட்டிக்கொண்டிருப்பார். கொடியில் துணியைப் போட்டுவிட்டு, திட்டு ஓய்ந்த பிறகு இறங்கி வருவாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்த நான்கைந்து மாதம்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டது.

“நேத்து நீங்க சரி பண்ணிட்டுப் போனதும் என்னைக் கூப்பிட்டு நிக்க வெச்சார்,” என்றாள். “விட்டுப்போன திட்டையெல்லாம் வரிசையாச் சொன்னார். கடைசியா என்ன சொன்னார் தெரியுமா? அன்னிக்கு ரெண்டு பேரும் விழுந்தோமே, அப்ப என் கை ஒடைஞ்ச சத்தம்தான் இந்த வீட்ல அவர் கேட்ட நல்ல சத்தமாம்.”

கார்டை மேடைமேல் வைத்துவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள். ஒரு கையால்தான் கழுவினாள்.

மாப்பிள்ளை இரண்டு கார்டையும் பார்த்தான். புதியதைப் போட்டு, சார்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். பெரியவர் மாதத்தைச் சொல்வார், மனைவியைச் சொல்வார், இங்கேயே இருப்பேன் என்று சொல்வார். டாக்டர் கைகுலுக்கிவிட்டுப் போவார். அப்புறம் கதவு சாத்திக்கொள்ளும். நேற்று அவன் கையைப் பிடித்தபோது மாமனார் கண்ணில் நின்ற தண்ணீரும் நினைவுக்கு வந்தது. அந்தக் கண்ணிலிருந்து அப்படி ஒன்றை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

புதுக் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பழையதைத் தட்டில் வைத்து மூடினான்.

கூடத்தில் பெரியவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் டேப்லெட் இல்லாமலே அவர் விரல் பலகைமேல் தட்டிக்கொண்டிருந்தது, கட்டம் கட்டமாக. மாப்பிள்ளையைக் கண்டதும் விரல் நின்றது. முகத்தில் அசையக்கூடியது கண் மட்டும்தான், அது மலர்ந்தது.

டாக்டர் நிமிர்ந்தார். என்ன கோளாறு என்று கேட்டார்.

மாப்பிள்ளை மாமனாரைப் பார்க்காமல் டேப்லெட்டை மேசைமேல் வைத்தான்.

“டேப்லெட்ல ஒரு கோளாறும் இல்ல டாக்டர். மாமாவுக்குத்தான் இப்பல்லாம் ஒண்ணும் புரியறதில்ல.”