கொதித்து ஆறிய தண்ணீர்

“ஊத்துனியா, இல்ல நனைச்ச துணிய வச்சுத் தொடச்சு விட்டியா? மொதல்ல அதச் சொல்லு.”

“ஊத்துனேன் அண்ணாச்சி.”

“தண்ணி ஓடுச்சா?”

“நெத்தியில ஊத்துனது காதோரமா எங்கையில வடிஞ்சுது. கைப்பிடி அளவு பிள்ள. அதுக்கு மேல எங்க ஓடும்?”

“எந்தத் தண்ணி?”

“கொதிச்சு ஆறுன தண்ணி. பிரசவத்துக்கு வச்சிருந்தது.”

உபதேசியார் சூசையப்பன் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். “ஆத்துத் தண்ணி செல்லும், கிணத்துத் தண்ணி செல்லும், மழைத் தண்ணியும் செல்லும். கொதிச்ச தண்ணியப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தரலியே.”

“கொதிக்கிறதுக்கு முன்னால அதுவும் ஆத்துத் தண்ணிதான் அண்ணாச்சி.”

“அது சரி. பேரு?”

“செபமாலை.”

“அந்தப் பேர ஆரு சொன்னா?”

“தாய்க்காரி கழுத்துல செபமாலை கிடந்துச்சு. அவசரத்துல கண்ணுல பட்டதச் சொல்லிட்டேன்.”

“நல்லவேள, மருந்து பாட்டிலு கண்ணுல படல” என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். பிறகு போகிற போக்கில் கேட்டார்: “விசுவாசத்தோடதான ஊத்துன?”

துணி மடித்துக்கொண்டிருந்த ரோசியின் கைகள் நின்றன. அவர் அதைக் கவனிக்கவில்லை. “போயும் போயும் உங்கிட்ட இதக் கேக்கேன் பாரு. மணி அடிக்கிறதுக்கு முன்னாலயே கோயில்ல வந்து நிக்கிறவ நீ” என்றபடி குடையை விரித்து, மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

ரோசி அந்தத் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியின் ஆயா. சின்னக்கானல் மலைச்சரிவில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் அது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கென்று, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற மேல் லயத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கோயில் இருந்தது. மூணாற்றிலிருந்து சாமியார் மாதத்துக்கு ஒருமுறை லாரியில் தொற்றிக்கொண்டு வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் சூசையப்பன்தான் எல்லாவற்றுக்கும்.

போன வாரம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே சாந்தம்மாளுக்கு மாதம் நிறையுமுன் வலி கண்டுவிட்டது. கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். டாக்டர் வேறு எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். பிறந்த பெண் குழந்தை அழவில்லை, உதடெல்லாம் நீலம். “சாகுறதுக்கு முன்னால தண்ணி ஊத்திருங்கக்கா, ஞானஸ்நானம் இல்லாமப் போயிரக் கூடாது” என்று சாந்தம்மாள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். ரோசி ஊற்றினாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னாள். பிறகு முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. இப்போது பஞ்சுக்கும் வெந்நீர் பாட்டில்களுக்கும் நடுவே செபமாலை சிவந்து கிடந்து, பால் குடித்து, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அவசரத்தில் விட்டுப்போன மீதிச் சடங்குகளை வருகிற ஞாயிற்றுக்கிழமை சாமியார் கோயிலில் வைத்து முடிப்பார். அதற்காகத்தான் உபதேசியாரின் விசாரணை.

லயமே சந்தோஷப்பட்டது. ரோசியும் சந்தோஷப்பட்டாள். ஆனால் அவளுக்குள் ஒரு முள் இருந்தது.

போன வருஷத்து மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவள் வழக்கம்போல முழங்காலில் நின்று செபத்தைத் தொடங்கினாள். பாதியில், குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதைப் போலத் தோன்றியது. யாரும் சாகவில்லை, எந்த வேண்டுதலும் பொய்க்கவில்லை. காரணம் இருந்தால் அதனோடாவது சண்டை போட்டிருப்பாள். அவள் கோயிலுக்குப் போவதை விடவில்லை, பாட்டுகளைப் பாடினாள், வெள்ளிக்கிழமை கறி தின்னவில்லை. தட்டிக்கொண்டுதான் இருந்தாள். உள்ளேயிருந்து ஒரு அரவமும் இல்லை.

அந்தக் குழந்தையின் நெற்றியில் தண்ணீரை ஊற்றும்போதும் அப்படித்தான் இருந்தது. வார்த்தைகள் வாயிலிருந்து வந்தன, அவ்வளவுதான். நம்பாதவள் ஊற்றிய தண்ணீர் வெறும் தண்ணீர்தானே? அப்படியானால் செபமாலைக்கு ஞானஸ்நானமே ஆகவில்லை. பெற்றவளை ஏமாற்றியதாகத்தானே ஆகிறது?

கூட வேலை பார்க்கும் முத்துப்பேச்சியிடம் மட்டும் அவள் இதைச் சொன்னாள். முத்துப்பேச்சி கத்திரிக்கோல்களை வெந்நீரில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டி, சாமி இல்லன்னு சொல்லுத. பெறவு இல்லாத சாமிக்கு எதுக்கு இவ்வளவு பயப்படுத?”

“இல்லன்னு சொல்லல. இருக்காருன்னு சொல்ல வரல.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணுன்னா ராத்திரி தூங்கியிருக்க மாட்டனா?”

முத்துப்பேச்சி இன்னொரு கத்திரிக்கோலை வெந்நீரில் போட்டாள். “எங்க கருப்பசாமிகிட்ட இந்தத் தொல்ல கெடையாது. அவரு நம்பிக்கையா கேக்காரு? சேவல்ல கேக்காரு!”

ரோசிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்து முடித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை சாமியார்கிட்டயே கேட்டுரப் போறேன். அவரு ஏசுனாலும் பரவால்ல.”

ஞாயிறு காலை லாரியிலிருந்து இறங்கிய சாமியார் புதியவர். மீசைகூடச் சரியாக முளைத்திருக்காத வயசு என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். கொண்டைஊசி வளைவுகளில் குலுங்கி வந்ததில் முகம் வெளுத்திருந்தது. கோயிலுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் பிரம்புத் தட்டி ஒன்றை நிறுத்திப் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தார். ரோசி கடைசி ஆளாகப் போய் முழங்காலிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. படித்துவிட்டுப் போன கேள்வியே பரீட்சையில் வந்துவிட்ட பையனைப் போலிருந்தது அவர் குரல்.

“தண்ணீர் ஊத்துனீங்களா அம்மா?”

“ஊத்துனேன் சாமி.”

“வார்த்தைகளைச் சரியாச் சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“அந்தத் தாய் கேட்டதை, திருச்சபை செய்யிறதைச் செய்யணும்னு நெனச்சீங்களா?”

“அது மட்டுந்தான் நெனச்சேன்.”

“அப்ப ஞானஸ்நானம் ஆயிருச்சு. ஊத்துறவங்க விசுவாசி இல்லேன்னாலும் செல்லும். ஒரு இந்து ஆயா இதே மாதிரி ஊத்தியிருந்தாலும் செல்லும்.”

முத்துப்பேச்சி ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற காட்சி ரோசியின் கண்முன் வந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மார்பிலிருந்து ஒரு பாறை உருண்டு பள்ளத்தில் போய் விழுந்தது.

“அப்ப என் விஷயம், சாமி?”

அந்தக் கேள்வி அவர் படித்ததில் இல்லை போலும். கீழே யாரோ லாரிச் சக்கரத்தில் தண்ணீர் அடித்துக் கழுவும் சத்தம் கேட்டது.

“அதை நான் பாவத்துல சேர்க்க முடியாது அம்மா. நீங்க ஒண்ணும் செய்யலையே. உங்களுக்கு நேர்ந்திருக்கு, காய்ச்சல் மாதிரி.”

“காய்ச்சலுக்கு மருந்து உண்டே.”

“இதுக்கு எனக்குத் தெரியல” என்றார் அவர், ஒளிக்காமல். “வேற பாவம் இருந்தாச் சொல்லுங்க.”

உபதேசியார்மேல் மனசுக்குள் கோபப்பட்டதைச் சொன்னாள். அதற்கு மட்டும் மன்னிப்பு கிடைத்தது.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. தேயிலைச் சரிவு முழுவதும் ஈர வெயிலில் பளபளத்தது. ‘தெரியல’ என்று ஒருவர் சொன்னது அவளுக்கு ஏனோ இதமாக இருந்தது. ஓடையிலிருந்து லயத்துக்கு மூங்கில் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குழாய்க்குத் தாகம் எடுக்கிறதா என்று எந்தப் பெண்ணும் கேட்டதில்லை. குடத்தை வைத்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இப்படியும் ஒரு ஜீவனம் இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டு, நெடுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டவளைப் போல நடந்தாள்.

கோயில் வாசலில் உபதேசியார் தவித்துக்கொண்டிருந்தார்.

“போடி ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்காம். பஸ்ஸு வரல. ஞானத்தாயா நிக்க வேண்டிய சாந்தம்மாவோட அக்காக்காரி அங்கயே மாட்டிக்கிட்டா! சாமியாரு இன்னும் ரெண்டு எஸ்டேட்டுக்குப் போவணும். இப்ப என்ன செய்ய?”

“ஞானத்தாய் என்ன செய்யணும் அண்ணாச்சி? பிள்ளையப் பிடிக்கணும், அவ்வளவுதான?” என்று யாரோ ஒரு பெண் கேட்டாள்.

“அவ்வளவுதானா! சர்வேசுரனை விசுவசிக்கிறாயான்னு சாமியாரு பிள்ளையக் கேப்பாரு. பிள்ளையா பதில் சொல்லும்? அதுக்காக ஞானத்தாய்தான் விசுவசிக்கிறேன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லணும்.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாந்தம்மாள் வந்தாள். வெள்ளைத் துணிக்குள் செபமாலை தூங்கிக்கொண்டிருந்தாள்.

“ரோசிக்கா, நீங்க நில்லுங்க. உசுரக் குடுத்தது நீங்கதான. வேற ஆரு நிப்பா?”

ரோசி அவளை வாசற்படியின் ஓரத்துக்கு அழைத்துப் போனாள். தண்ணீர் ஊற்றியது செல்லும்; அதில் இனி அவளுக்குப் பயமில்லை. ஆனால் ‘விசுவசிக்கிறேன்’ என்ற இந்த ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவேண்டும்.

“சாந்தம்மா, ஒங்கிட்ட மறைக்கக் கூடாது. அந்த வார்த்தை கொஞ்ச நாளா எனக்கு வாயில வர்றதில்ல. ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது.”

சாந்தம்மாள் திடுக்கிடவில்லை. குழந்தையை ரோசியின் கைகளில் வைத்தாள். எடையே இல்லை, சூடு மட்டும் இருந்தது. உள்ளே மணி அடித்தது. சாமியார் பீடத்தருகே திரும்பி நின்று காத்திருந்தார்.

“இவளுக்கும்தான் வாயில வராது” என்றாள் சாந்தம்மாள் மெதுவாக. “இவளுக்காக நீங்க சொல்லுங்கக்கா.”