கிடைக்குப் போன களிம்பு

2024ஆம் ஆண்டு ஜூன் 24, திங்கட்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். விளாத்திகுளத்துக்கு அருகே நான் காப்பாளராக இருக்கும் மாணவியர் விடுதியின் வாசலில், பத்தாம் வகுப்புக் காவியாவும் அவள் தாய் வள்ளித்தாயும் மூன்றாம் முறையாக வந்து நின்றார்கள். காவியாவின் தலையில் பேன் ஒழிந்திருந்தது. விரலிடுக்குகளில் சிரங்கு அப்படியே இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றும் என்று, உள்ளே விட மறுத்தேன்.

"இந்தத் தடவையும் திருப்பி அனுப்பினா இவ அப்பா ஆட்டுக்குப் பின்னாலதான் அனுப்புவாவ, டீச்சர்," என்றாள் வள்ளித்தாய். காவியா தரையைப் பார்த்தபடி மணிக்கட்டைச் சொறிந்தாள்.

அவர்கள் கொண்டுவந்த மருந்துகளை வாங்கிப் பார்த்தேன். பேன் லோஷன், சிரங்குக் களிம்பு இரண்டிலும் பெர்மெத்ரின் என்றே பெயர். முன்னதில் ஒரு சதவீதம், பின்னதில் ஐந்து. லோஷன் தலையில் பத்து நிமிடம் இருந்தால் போதும். களிம்போ கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். பெயர் ஒன்றென்பதால் வள்ளித்தாய் களிம்பையும் பத்து நிமிடத்தில் கழுவிவிட்டிருந்தாள். அது திருத்தக்கூடிய பிழை. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசினீர்களா என்று கேட்டேன். காவியா மட்டும்தான் பூசியிருந்தாள். கணவர் வேல்சாமி கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டு, இரவிலும் ஆடுகளோடே தங்கியிருந்தார். வாரம் ஒரு முறை தம் கம்பளியோடு வீட்டுக்கு வருவார். அதை விரித்துத்தான் மூவரும் படுப்பார்கள்.

பதினொரு மணிப் பேருந்தில் தாய், மகளோடு நானும் கிடைக்குப் போனேன். பருத்தி எடுத்து முடிந்த காட்டில் செம்மறிகள் ஒன்றன் வயிற்று நிழலில் ஒன்று தலையை நுழைத்து நின்றன. வேல்சாமியின் விரலிடுக்குகளும் புண்ணாயிருந்தன. ஆனாலும் களிம்பு பூச மறுத்தார்.

"ஆடு மோப்பத்துலதான் ஆளை அறியும், டீச்சர். இந்த வாடையோட நின்னா ஒண்ணும் அண்டாது. கம்பளியையும் கேக்குதிய. ஆடு கலைஞ்சு போனா யாரு பத்திட்டு வருவா?"

"நான் பத்துதேன்," என்றாள் காவியா. "அதுக்குத்தானப்பா என்னைக் கூப்பிடப் போறிய."

வேல்சாமி மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. களிம்பு பூசிக்கொள்ளச் சட்டையைக் கழற்றினார்.

இறுதியில் தீர்மானித்தது இவ்வளவே: அவர்கள் மூவரும் இன்றும் ஏழாம் நாளும் களிம்பு பூசுவது, கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் தொடாதிருப்பது, ஜூலை முதல் தேதி காவியா விடுதிக்கு வருவது, அதுவரை அவள் கட்டிலை நான் யாருக்கும் கொடாதிருப்பது.

நாங்கள் புறப்பட்டபோது, களிம்பு பளபளத்த கையை நீட்டி வேல்சாமி ஆடுகளை அழைத்தார். முன்னால் நின்ற கிடா மூக்கை உயர்த்தியது. நகரவில்லை.