ஈறு நிறத்து நீர்மூழ்கி

பூங்காக் குளத்தில் மூழ்கிய நீர்மூழ்கி, ஊரின் மறுகோடியில் ஒரு சலவைக் கடையின் துணி துவைக்கும் மெஷினுக்குள் மேலெழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அது. மெஷினில் ஏதோ விடுதியின் படுக்கை விரிப்புகள் சுற்றிக்கொண்டிருந்தன. வட்டக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், வெள்ளைத் துணிகளுக்கு நடுவே, முழங்கை நீளத்துக்கு இளஞ்சிவப்பாக ஒன்று மூக்கை நீட்டுவதைக் கடைக்காரி பார்த்தாள். மெஷினை நிறுத்தினாள், தண்ணீரை வடித்தாள், அதை எடுத்துத் துவாலை மேல் வைத்தாள். உச்சிக் கம்பி கொஞ்சம் வளைந்திருந்தது, மற்றபடி சேதமில்லை. குளத்துக்கும் கடைக்கும் இடையே ஒரு ரயில் பாதை, இரண்டு மேம்பாலங்கள், ஒரு பெரிய காய்கறிச் சந்தை எல்லாம் இருந்தன. எப்படி வந்தது என்று கடைக்காரி யோசிக்கவில்லை. அவள் அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைச் செய்தது அவளுடைய தங்கை. தங்கைக்குப் பல்செட் கட்டுகிற தொழில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, முகம் பார்த்திராத மனிதர்களுக்கு ஈறும் பல்லும் செய்து அனுப்புவாள். பூங்காக் குளத்தில் ஞாயிறுதோறும் ரேடியோவால் ஓடும் குட்டி நீர்மூழ்கிகளை விடும் கூட்டம் ஒன்று உண்டு. அதில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் தன் கப்பலின் உடைந்த கோபுரத்தை ஒட்டித் தரச் சொல்லி அவளிடம் கொண்டுவந்தார். ஒட்டித் தந்தவளுக்கு, தண்ணீருக்கு அடியில் அது எப்படிப் போகிறது என்று பார்க்கும் ஆசை வந்தது. பார்த்ததுதான் தாமதம், பைத்தியம் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு முழுவதும் வேலை முடிந்த பின் தனக்கென்று ஒன்று செய்தாள். ஈறு செய்யும் பிசினிலேயே உடம்பை வார்த்தாள், அதனால் அது ஈறு நிறத்தில் இருந்தது. உள்ளே நீர் புகாத குழாயில் பேட்டரியும் மோட்டாரும். மூழ்க வேண்டுமென்றால் வயிற்றுத் தொட்டியில் தண்ணீரை உறிஞ்சும், எழ வேண்டுமென்றால் வெளியே தள்ளும். மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், அதன் மேல் விரலால் தடவிய பிசுபிசுப்பான கிரீஸ். ரேடியோ சமிக்ஞை அறுந்துபோனால் கப்பல் தானாகவே தண்ணீரைத் தள்ளிவிட்டு மேலே வந்துவிடும்படி அமைத்திருந்தாள். நகரப் பேருந்து ஓட்டும் அவள் கணவர், குளியல் தொட்டியில் அது மிதந்த மாதங்களில் வாளியில் மொண்டு குளித்தார். 

முதல் ஞாயிறே அது மூழ்கியது, சமிக்ஞை அறுந்தது, எழவில்லை. முழங்கால் ஆழக் குளம்தான். கூட்டமே காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கித் துழாவியது. பிளாஸ்டிக் பாட்டிலும் ஒற்றைச் செருப்பும்தான் கிடைத்தன. வீடு திரும்பும் வழியில் போன் வந்தது.

"சலவைக் கடையிலேருந்து பேசறேன். உங்க சாமான் ஒண்ணு எங்க மெஷின்ல வந்திருக்கு. அடியில நம்பர் எழுதியிருந்துச்சு. ஆள் அனுப்பி எடுத்துக்குங்க."

தங்கை போனைக் கணவரிடம் கொடுத்தாள்.

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளாத காலத்தில் தங்கையின் மகளுக்குப் பால்பல் முளைத்து, விழுந்து, புதுப்பல் கோணலாக வந்து, அதற்குக் கம்பியும் போட்டாயிற்று. அந்த மகளை வயிற்றில் சுமந்து, கட்டிலை விட்டு இறங்கக் கூடாதென்று டாக்டர் படுக்கவைத்திருந்த மாதங்களில்தான் அவர்களுடைய அம்மா இறந்தாள். அக்கா சொல்லவில்லை. தங்கை கணவரின் வாயையும் கட்டிப்போட்டாள். தினமும் போன் செய்து, அம்மா தூங்குறா, அம்மா குளிக்கிறா என்று சொல்லி வந்தாள். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையைச் சொன்னாள். தங்கை அழவில்லை. இனி என் வாசப்படி மிதிக்காதே என்றாள். அக்காவும் ரோஷக்காரி, மிதிக்கவில்லை. கணவரை மட்டும் தங்கை மன்னித்தாள், அதுவும் மெதுவாகத்தான்.

கணவர் போய்க் கப்பலை எடுத்து வந்தார். "உங்க அக்கா கொஞ்சம் இளைச்சிருக்காங்க," என்றார். "கலரைப் பாத்தாங்களாம். அத்தைக்கு நீ மொதமொதல்ல கட்டிக் குடுத்த பல்செட் இதே கலராம்." தங்கை உச்சிக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். 

அடுத்த ஞாயிறும் அப்படியே. ஆண்டெனாவை மாற்றினாள், பேட்டரியை மாற்றினாள், ரப்பர் வளையத்தை மாற்றினாள். கப்பல் குளத்தில் மூழ்கி மெஷினில் எழுந்தது. மருந்துக்கடைக்காரர் தன் கப்பலை அவள் கையில் கொடுத்துப் பார்த்தார், அதுவும் சலவைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஓட்டினால் அவளுடைய கப்பல் சமர்த்தாகக் குளத்திலேயே கிடந்தது. கோளாறு கப்பலில் இல்லை என்று கூட்டம் முடிவுகட்டியது. அதற்கு மேல் யாரும் கிண்டவில்லை, அவரவருக்கு அவரவர் கப்பலின் ஒழுகல்களே போதுமானதாக இருந்தன. நகராட்சிக் குழாய்கள் எதனோடு எதை இணைக்கின்றன என்பது நகராட்சிக்கே தெரியாது என்றார் குளத்துக் காவலாளி. அந்த விளக்கம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தது. கணவர் ஞாயிறு மதியங்களில் பேருந்துச் சீருடை இல்லாமல் ஊரின் மறுகோடிக்குப் போய் வருவது வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் கப்பலைத் துடைக்கும்போது தங்கை ஒன்றைக் கவனித்தாள். மூடியில் போட்ட கிரீஸ் போட்டபடியே இருந்தது. சோப்புத் தண்ணீர் பட்டால் அது ஒரு நாள் தாங்காது. முகர்ந்து பார்த்தாள், சலவைத்தூள் வாடை துளியும் இல்லை. கணவரைக் கேட்டாள். அவர் தயங்கித்தான் சொன்னார். ஞாயிறு காலையில் அக்கா ஓர மெஷினை யாருக்கும் கொடுப்பதில்லை. துணி போடாமல் வெறும் தண்ணீரை நிரப்பி, சுற்றாமல் நிறுத்திவைத்து, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். "நீ கேக்கல, நானும் சொல்லல," என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு கப்பல் மூழ்கியது. போன் வரவில்லை. தங்கை கரையில் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டியபடி நின்றாள். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. கணவருக்கு அன்று டியூட்டி. அவள் அக்காவின் நம்பரைத் தானே அழுத்தினாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ரிமோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஆட்டோவில் ஏறினாள்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனபோது டொக், டொக் என்று சத்தம் கேட்டது. ஓர மெஷினில் பாதிக் கண்ணாடி வரை நின்ற தெளிந்த தண்ணீரில் ஈறு நிறக் கப்பல் பின்வாங்கி, முன்னால் வந்து, கதவை முட்டிக்கொண்டிருந்தது. ரிமோட்டில் அவள் கை வைக்கவே இல்லை. மெஷினுக்கு எதிரே, ஈரத் தரையில், அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் இருக்க வேண்டிய விதத்தில் இல்லை.

தங்கை ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, தரையிலேயே உட்கார்ந்து அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்பலேருந்து இப்படிக் கெடக்கற?"

"தண்ணி விட்டுட்டுத் திரும்பினேன், வழுக்கிடுச்சு. போன் மேசை மேல. எட்டல." அக்காவின் உதடு காய்ந்திருந்தது. "அது வந்துச்சு. வந்ததுலேருந்து தட்டிட்டே இருக்கு. தனியா இல்லைன்னு இருந்துச்சு."

கொஞ்ச நேரம் இருவரும் தட்டும் சத்தத்தைக் கேட்டார்கள்.

"நான் சொல்லாம இருந்ததுக்கு இன்னிக்கும் வருத்தப்படலடி," என்றாள் அக்கா. "சொல்லியிருந்தா நீ எழுந்து ஓடி வந்திருப்ப."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பேசாம இருந்தியா?"

"அம்மா குளிக்கிறான்னு சொல்லுவியே. அதைக் கேட்டுட்டு, தலை துவட்டிட்டு வருவா, பேசுவான்னு போனைக் காதுலயே வெச்சிட்டுப் படுத்திருப்பேன் அக்கா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

 "எனக்கும் அப்படித்தான்," என்றாள் அக்கா. "உன்கிட்ட சொல்ற அந்த நேரம் மட்டும் அவ நெசமாவே உள்ள குளிச்சிட்டிருந்தா. நீ போனை வெச்சதும் போயிடுவா. அதனாலதான் தினமும் பண்ணினேன்."

தங்கை அப்போதுதான் அம்மாவுக்காக அழுதாள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஷட்டரைத் தூக்கியபோது, அடிபட்டது யாருக்கு என்று முதலில் அவர்களுக்குப் புரியவில்லை.

தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து அக்கா நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் வந்தாள். தன் பல்லிலும் கம்பி இருப்பதைப் பெரியம்மாவிடம் காட்டி மகள் சிநேகம் பிடித்துக்கொண்டாள். கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். ஓர மெஷினில் ஞாயிறும் துணி ஓடத் தொடங்கியது, அதில் வேறெதுவும் வரவில்லை. அக்கா ஊன்றுகோலோடு நடக்கவும், நின்றபடி சின்னச் சின்ன வேலை செய்யவும் ஆரம்பித்த மாதத்தில், தங்கை மறுபடி குளத்துக்குப் போனாள். கப்பல் மூழ்கியது. மருந்துக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார்.

வீட்டுச் சமையலறையில் அக்கா அகலமான பாத்திரத்தில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். தண்டுகளை ஒதுக்கிக்கொண்டு கப்பல் மேலே வந்தது. ஒட்டியிருந்த இலைகளை எடுத்துவிட்டு, அதைத் துடைத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, அக்கா ஈரக் கையோடு போனை எடுத்தாள்.

"வந்துடுச்சு. நீ வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வா," என்றாள். வைத்துவிட்டு மறுபடி கீரையை அலசினாள்.