பூஜ்யம் வாங்கிய பிள்ளை

ரூபினி ஒன்பது நிமிஷம் மூத்தவள். அந்த ஒன்பது நிமிஷத்தையே யுகேந்திரன் பதினாறு வருஷமாக மன்னிக்கவில்லை. இப்போது அவளுக்கு மனநலம் வேறு கெட்டுப்போய்விட்டது.

ஏழு நாடுகளில் பதின்ம வயதுப் பிள்ளைகளின் மனதை அளக்கும் ஆய்வொன்று ஜார்ஜ்டவுனில் அவர்கள் பள்ளிக்கும் வந்தது. இருபத்தொரு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை புள்ளி. புள்ளி ஏற ஏறக் கவலை ஜாஸ்தி என்று அர்த்தம். ரூபினிக்கு நாற்பத்தொன்று. யுகேந்திரனுக்குப் பூஜ்யம்.

மறுநாளே வீடு தலைகீழ். அப்பா லோகேஸ்வரன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். அப்பேர்ப்பட்டவர், "சாப்பிட்டியாம்மா?" என்று ரூபினியிடம் ஒரு குரலில் கேட்டார். அப்படியொரு குரல் அவரிடம் இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாது. அதிலும் அந்த 'ம்மா'! யுகேந்திரனுக்கு வாய்த்ததெல்லாம் 'டா'தான். சாப்பிட்டியாடா, படிச்சியாடா, செத்தியாடா. அம்மா மோகனா மகளுக்காக மூன்று நாள் இறால் சம்பல் செய்தாள். கழுவ வேண்டிய பாத்திரம் மகனுக்கு மாறியது. பள்ளியில் வாரம் இரண்டு தடவை, அதுவும் கணக்குப் பாட நேரம் பார்த்து, கவுன்சலிங் அறை, ஏர்கோன் குளிர், குடிக்க மைலோ, சவுந்தரம் டீச்சர்.

யுகேந்திரனுக்குக் கிடைத்தது வெறும் புகழ். "எம் பையன் ஜீரோ லா!" என்று அப்பா மாமாக் சாப்பாட்டுக் கடையில் நாலு மேசைக்குக் கேட்கும்படி சொன்னார். போன மாதம் வேதியியலில் பதினெட்டு வாங்கியதற்கு பெல்ட்டைத் தேடியவர் இவர்.

அந்தப் பூஜ்யமாவது சொந்தமா? அதுவும் இல்லை. கேள்வித்தாள் என்று வந்தால் கடைசி வரிசைப் பையன்கள் பதினோரு பேரில் மற்ற பத்துப் பேரும் கிஷனைப் பார்த்து எழுதுவது வழக்கம். கிஷனோ ரேஹாட் இடைவேளை மணிக்கு முன் முடித்துவிட்டுக் கேன்டீனுக்கு ஓடும் அவசரத்தில், பூஜ்யக் கட்டங்களில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்திருந்தான். 'படுத்தாலும் தூக்கம் வருவதில்லை' என்ற கேள்வியில் மட்டும் யுகேந்திரனின் பேனா தானாக மூன்றுக்குப் போனது.

"டேய், தப்புடா. பூஜ்யம்," என்றான் கிஷன்.

யுகேந்திரன் திருத்திக்கொண்டான்.

"உனக்கென்ன, மைலோ குடிச்சுட்டு இருக்க," என்று ஒருநாள் ரூபினியிடம் எரிந்து விழுந்தான்.

"போடா. பாத்ரூம்ல அஞ்சு நிமிஷம் இருந்தா கதவத் தட்டுறாங்க. சத்தம் போட்டு சண்டை போடக்கூட யாரும் வர்றதில்ல. நீ ஜீரோ, குடுத்து வச்சவன்."

சங்கடத்தில்கூட அவளுக்குத்தான் முதலிடம் என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

சனிக்கிழமை காலை சமூகச் சங்கத்தின் மண்டபத்தில் கருத்தரங்கு. தலைவர், டத்தோ பட்டம் பெற்ற நல்லமுத்துவின் படம் பதாகையில் முக்கால் பங்கு, மீதியில் மனநலம்.

"ஏழு நாட்டிலும் பெண் பிள்ளைகள் துவண்டு கிடக்கிறார்கள்!" என்று முழங்கினார் டத்தோ. "ஆனால் நம் ஆண் சிங்கங்கள்? பதினோரு பேர், இருபத்தொரு கேள்வி, ஒரே பதில்! என்ன மன ஒற்றுமை! உலகமே இங்கே வந்து படிக்கணும்!"

சிங்கங்களின் சார்பில் பொன்னாடை வாங்க யுகேந்திரனை மேடைக்கு அழைத்தார்கள். முதல் வரிசையில் அப்பா போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் ரூபினி, அவளுக்கு அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். ஏர்கோன் மண்டபத்தில்!

"தம்பி, உங்க வெற்றியின் ரகசியம்?" மைக் நீண்டது.

"பார்த்து எழுதினேன், டத்தோ. கிஷனைப் பார்த்து."

"கேட்டீங்களா! நல்லவங்களைப் பார்த்து நடக்கிறார்!" கைதட்டல்.

"இல்ல டத்தோ. காப்பி அடிச்சேன். எனக்குத் தூக்கம் வர்றதில்ல. நாலு மாசமா."

கைதட்டல் பாதியில் நின்றது. டத்தோ மைக்கைப் பிடுங்கித் தேநீர் இடைவேளையை அறிவித்தார். சவுந்தரம் டீச்சர் மட்டும் மேடையருகே வந்து, "திங்கக்கிழமை என்னைய வந்து பாருப்பா. புதுத்தாள் தர்றேன். தனியா உக்காந்து எழுது," என்றார்.

காரில் பொன்னாடை யுகேந்திரன் மடியில் கிடந்தது. கொம்தார் கோபுரம் தாண்டியதும் அப்பா தொண்டையைச் செருமினார். வரப்போவது பெல்ட்தான் என்று யுகேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அங்க ஏதாச்சும் சாப்பிட்டியாடா..." என்றவர் சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டு, புது மெஷினை முதன்முதலாக ஓட்டுபவர்போல மறுபடி தொடங்கினார். "சாப்பிட்டியாப்பா?"

சூப்பர்வைசர் குரல்தான். ஆனால் 'ப்பா' இருந்தது.

"இல்லப்பா," என்றான் யுகேந்திரன். "பசிக்குது."

அன்று கழுவ வேண்டிய பாத்திரம் ரூபினிக்குத் திரும்பியது. ஒவ்வொரு தட்டையும் டமாரென்று வைத்து, "நடிக்கிறான்! சும்மா நடிக்கிறான்மா!" என்று வீடு அதிரக் கத்தினாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து பார்த்து ரொம்ப நாளாயிற்று. அதைப் பார்த்தும் யுகேந்திரனுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.