ஐந்து மெம்பர்களுக்கு ஒன்பது நாள் சாப்பாடு

அறுநூற்று நாற்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு போடச் சொன்னால் அலட்டிக்கொள்ளாமல் போடுவேன். பதினொரு வருடமாக அதுதான் என் பிழைப்பு. வல்லம் வடகாலில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற ஒரு கம்பெனியில் கேன்டீன் சூப்பர்வைசராக இருக்கிறேன். எந்த ஷிஃப்ட்டுக்கு எத்தனை முட்டை, எத்தனை லிட்டர் மோர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட என்னை ஐந்தே ஐந்து பேர் ஒன்பது நாளில் படுத்தி எடுத்துவிட்டார்கள்.

ஐந்து பேரும் எங்கள் ஊராட்சியின் வார்டு மெம்பர்கள். மொத்தம் ஒன்பது மெம்பர்கள். அவர்கள் ஓட்டுப் போட்டுத்தான் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார் கோதண்டம், அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டார். அவர் பக்கம் அவரையும் சேர்த்து ஐந்து, எதிர்ப் பக்கம் நான்கு. மெம்பர்கள் ஜெயித்ததற்கும் இந்தத் தேர்தலுக்கும் இடையில் ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் ஒருவரை அவர்கள் தூக்கிவிட்டால் கதை முடிந்தது. அதனால் பெரிய இடத்தில் செய்கிற மாதிரி இவரும் தன் ஆட்களை ரிசார்ட்டில் வைக்க முடிவு செய்தார். வடக்குப்பட்டுக்கு அந்தப் பக்கம், கம்பெனிக்காரர்கள் வந்து பலூன் ஊதி விளையாடிவிட்டுப் போகிற ரிசார்ட் அது. முதலாளி இவருக்குத் தெரிந்தவர்.

"ரிசார்ட்காரன் சமையல் நமக்கு ஒத்துவராது. எவன் இன்னா கலக்குவான்னு தெரியாது. சாப்பாடு, சாமான், வண்டி எல்லாம் நீயே பாத்துக்கோ மதி," என்றார் என்னிடம்.

"எனக்கு வேலை கீது மாமா."

"லீவு போடு. குடும்பத்துக்கு ஒரு நல்லது நடக்க சொல்லோ வேலை இன்னா வேலை?"

லீவு என்றால் அவருக்கு அவ்வளவு சுலபம். அவர் எந்த கம்பெனியிலும் பஞ்ச் அடித்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேன்டீனை மஞ்சுளாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

கேன்டீனில் செய்கிற மாதிரியே ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். சுப்பிரமணிக்குச் சர்க்கரை, ராத்திரி சோறு கூடாது, கேழ்வரகு அடைதான். ஆனால் அவர் கேட்டது மட்டன். மரகதம் அம்மாவோ புரட்டாசி முடிகிறவரை கவுச்சி வாசனையே கூடாது என்றார். ஒரே அடுப்பு. நான் மரகதம் அம்மா பக்கம் நின்றேன். எதிர்க் கோஷ்டியில் தினமும் பிரியாணியாம் என்று சுப்பிரமணி மூன்று நாள் முணுமுணுத்தார். எல்லோருடைய போனையும் மூத்தார் வாங்கிப் பையில் போட்டுப் பூட்டியிருந்தார். அப்புறம் இந்தப் பிரியாணிச் செய்தி சுப்பிரமணிக்கு எந்த வழியாக வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான்காவது மெம்பர் செல்லம்மாள் அக்கா, மூத்தாரின் மனைவி. பெண்கள் வார்டில் அவரையும் மூத்தார்தான் நிறுத்தி ஜெயிக்க வைத்தார்.

"உனக்கு இன்னாக்கா புடிக்கும்?"

"எது மீந்தாலும் போதும் எனக்கு."

"மீந்ததுன்னு இதுல எழுத முடியாதுக்கா."

யோசித்து யோசித்துப் பார்த்தார். வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது எல்லாம் வரிசையாக வந்தது; தனக்குப் பிடித்தது வரவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஐந்தாவது இசக்கிசெல்வி. திருநெல்வேலிப் பக்கம். எட்டு வருடம் முன்பு ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண்ணாக வந்து, இங்கேயே ஒரு பையனைக் கட்டிக்கொண்டு, வாடகை அறைகள் இருக்கிற தெருவில் நின்று ஏழு ஓட்டில் ஜெயித்தவள். தெருவுக்கு விளக்கு போட்டுத் தருவதாக மூத்தார் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் ஓட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். நான் சோறு போடுகிற அதே கம்பெனியில்தான் அவளுக்கும் வேலை.

"எனக்குச் சாப்பாட்டுக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா. போக வர ஒரு வண்டி மட்டும் பாத்துத் தாங்க. நான் லீவு போட முடியாது."

அவள் சொல்லாமலே எனக்குத் தெரியும். மூன்று வருடமாக டிரெய்னி. இந்த மாதக் கடைசியில் பதினோரு பேரை பெர்மனென்ட் செய்யப்போகிறார்கள். ஒரு நாள்கூட லீவு போடாதவர்கள், ஓவர்டைம் என்கிற ஓ.டி.க்கு நிற்க மறுக்காதவர்கள் பெயர்தான் அந்த லிஸ்ட்டில் இருக்கும். அவள் பெயர் இருந்தது. ஒரு நாள் தவறினால் அந்த இடத்துக்கு வர வாசலிலேயே நூறு பேர் நிற்கிறார்கள். இந்த லிஸ்ட் போனால் இன்னொரு லிஸ்ட் வரும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

மூத்தார் குதித்தார். "ஒரு ஆள் வெளிய போனா அஞ்சு பேரும் போன மாதிரி! ஒம்போது நாள் லீவு போட்டா கம்பெனி இன்னா முழுகிடுமா?"

"கம்பெனி முழுகாது மாமா. அவ முழுகிடுவா," என்றேன். பிறகு தாளை நீட்டினேன். காலை நான்கு ஐம்பதுக்கு வேன். என் வீட்டுக்காரரே ஓட்டுவார். ஐந்தேகாலுக்கு கேட்டில் இறக்கம். ஏ ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். இரண்டு ஐந்துக்கு ஏற்றினால் இரண்டரைக்குள் ரிசார்ட். ஒன்பது நாளும் ஏ ஷிஃப்ட்டே வருகிற மாதிரி அவள் தோழிகளிடம் மாற்றிக்கொண்டிருந்தாள். பதவிப் பிரமாணம் அவளுடைய வார விடுமுறையில் வந்தது. ஓட்டுப் போடுகிற அன்றும் இரண்டரைக்குத்தான் தேர்தல். வேன் நேராக ஊராட்சி ஆபீஸுக்குப் போகும்.

மூத்தார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல இடமில்லை. "செல்லம்மாவும் கூடவே போய் வரட்டும், காவலுக்கு," என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

இப்படித்தான் செல்லம்மாள் அக்கா காவல்காரியானார். காலையில் இசக்கியை இறக்கிவிட்டு நானும் அவரும் காய்கறி வாங்குவோம். மத்தியானம் ஒன்றே முக்காலுக்கே கேட்டுக்கு எதிரில் போய் நிற்போம். அங்கே ஒரு தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போடுவார்கள். மூன்றாம் நாள் அக்கா ஒன்று தின்றார். நான்காம் நாள் இரண்டு. ஐந்தாம் நாள் வேன் நிற்பதற்குள் கதவைத் திறந்தார். நான் அன்றைக்கே தாளை எடுத்து, காலிக் கட்டத்தில் மிளகாய் பஜ்ஜி என்று எழுதினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இசக்கி வேனில் ஏறியதும் தூங்கிவிடுவாள். தலை சாய்ந்து அக்காவின் தோளில் விழும். அக்கா நகரமாட்டார். "பாவம்டி, கை எல்லாம் ரப்பரு வெட்டி வெச்சிகீது," என்று என்னிடம் மெதுவாகச் சொல்வார்.

எட்டாம் நாள் சாயங்காலம் மஞ்சுளா போன் செய்தாள். என் போனை மட்டும் மூத்தார் பிடுங்கவில்லை, சாமான் வாங்க வேண்டுமே.

"அக்கா, நாளைக்கு ஏ ஷிஃப்ட்டுக்கு சாயங்காலம் ஸ்நாக்ஸ் கேட்டுகிறாங்க. அசெம்பிளி லைனுக்கு நூத்தி இருபது. சமோசா போடட்டா, போண்டா போடட்டா?"

போண்டா போடு என்று சொல்லிப் போனை வைத்தேன். ஓ.டி. இருக்கிறது என்று லைனில் நிற்பவர்களுக்கு ஷிஃப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும்போதுதான் சொல்வார்கள். கேன்டீனுக்கு மட்டும் முந்தின நாளே தெரிந்துவிடும். பலகாரம் போட வேண்டுமே. ஏ ஷிஃப்ட்டுக்கு சாயங்காலப் பலகாரம் என்றால் ஆறு மணி வரை நிறுத்தப் போகிறார்கள் என்று அர்த்தம். அசெம்பிளி லைன் என்றால் இசக்கி.

செல்லம்மாள் அக்கா பக்கத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். செய்யாதே என்றாலும் கேட்கமாட்டார். அவரிடம் சொன்னேன்.

"ரெண்டு மணிக்கு வெளிய வந்துட்டா?"

"ஓ.டி.க்கு நிக்கலன்னு பேரை அடிச்சிடுவாங்க."

"லீவு போட்டா?"

"அப்பவும் அடிச்சிடுவாங்க."

"அவுருகிட்ட சொன்னா?"

"மாமா அவளைக் காலையில வண்டியே ஏற விடமாட்டாரு."

அக்கா ஒரு பிடி காயை ஆய்ந்து முடித்தார். "அவகிட்ட சொன்னா?"

இதுதான் கஷ்டமான கேள்வி. அவள் வேலை, அவள் ஓட்டு. அவளிடம் சொல்வதுதான் முறை. ஆனால் எனக்கு அவளைத் தெரியும். வாக்குக் கொடுத்தேன், ஒன்பது நாள் சோறு தின்றேன் என்று சொல்லி அவளே லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"சொல்லாத," என்றார் அக்கா. "வண்டி எப்பவும் போல நாலம்பதுக்கு வரட்டும்."

மறுநாள் ஒன்றே முக்காலுக்கு கேட்டுக்கு எதிரில் நின்றோம். அக்கா பஜ்ஜி வாங்கவில்லை. இரண்டு மணிக்கு இசக்கி ஓடிவந்தாள். செக்யூரிட்டி தடுத்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அக்காவைப் பார்த்து அழுதாள்.

"மதினி, ஆறு மணி வரைக்கும் நிக்கச் சொல்லுதாவ. நான் வந்துருதேன். லிஸ்ட் போனாப் போவட்டும். அண்ணாச்சிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்லா..."

"நீ வராத," என்றார் அக்கா. "அவுருக்கு வேற ஒரு ஓட்டு கெடச்சிட்சி. அவுருதான் சொன்னாரு, புள்ளைய வேலைய பாக்கச் சொல்லுன்னு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே குடும்பத்தில் இத்தனை காலம் இருந்தும் அக்காவுக்குப் பொய் வரும் என்று எனக்குத் தெரியாது. இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெசமாவா மதினி?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு உள்ளே ஓடினாள். என் வீட்டுக்காரர் அண்ணன் பேச்சையும் தட்டமாட்டார், அண்ணி பேச்சையும் தட்டமாட்டார். அதனால் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் மூத்தாருக்குப் போன் செய்தேன். "ஓ.டி.க்கு நிறுத்திட்டாங்க மாமா. அவ வரல." அவர் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

அக்கா ஆபீஸுக்குப் போய்ப் போட்டதையும் சேர்த்து ஓட்டு நாலுக்கு நாலு. சமமாக வந்தால் குலுக்கல். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். எடுத்த சீட்டில் எதிராளியின் பெயர் இருந்தது.

சாயங்காலம் மூத்தார் வீட்டில் யாரும் விளக்குப் போடக்கூட எழுந்திருக்கவில்லை. நான்தான் போய்ப் போட்டேன். சுப்பிரமணி மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "நான் அப்பவே சொன்னேன். அவ வெல போய்ட்டா. ஓ.டி.யாவது ஒண்ணாவது, எல்லாம் நாடகம்." மூத்தார் மறுக்கவில்லை. நாளைக்கு அவள் தெருவுக்கே போய் நான்கு பேர் முன்னால் கேட்கிறேன் என்றார். அக்கா சுவரோரம் நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன், கையை அமர்த்தினார்.

ஏழு மணிக்கு இசக்கி வந்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல். கையில் ஒரு ஜாங்கிரிப் பொட்டலம்.

"அண்ணாச்சி, ஜெயிச்சிருப்பீய. நான் இல்லாமலே ஆயிருச்சு பாத்தியளா," என்று சிரித்துக்கொண்டே பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தாள். "நீங்க மட்டும் வேலையப் பாருன்னு சொல்லலன்னா என் பேரு போயிருக்கும். எங்க அப்பாகூட எனக்கு இப்படிச் செஞ்சதில்ல அண்ணாச்சி."

சுப்பிரமணி ஜன்னலைப் பார்த்தார். மூத்தார் பொட்டலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல," என்றார் அக்கா. "நான்தான் உன் பேரைச் சொல்லி உள்ள அனுப்புனேன். ஓ.டி. கீதுன்னு நேத்தே எங்களுக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும் மாமா," என்றேன்.

இசக்கிக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் வெளுத்து, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "முன்னாடியே சொல்லியிருந்தியள்னா நான் லீவு போட்டிருப்பனே மதினி!"

"அதுக்குத்தான் சொல்லல," என்றார் அக்கா. பிறகு கணவரிடம் திரும்பினார். குரல் உயரவில்லை. "உனக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எலெக்‌ஷன் வரும். அவளுக்கு இந்த லிஸ்ட்டு திரும்பி வராது. திட்டணும்னா என்னைத் திட்டு. அவ தெருவுக்குப் போவாத."

மூத்தார் எழுந்தார். எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. வாசல் வரை போனார். செருப்பைப் போட்டார், கழற்றினார். திரும்பி வந்து இசக்கிக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாசம் முடிய இன்னும் எத்தினி நாள் கீது?"

"ஒம்பது நாள் அண்ணாச்சி," என்றாள் அவள், தலை நிமிராமல்.

"ஒரு நாள் லீவு போட்டியோ," என்றார் மூத்தார், "அன்னிக்கு வருவேன் உன் வூட்டுக்கு, எனக்குப் போன பதவியைக் கேக்க."