இரண்டு முறை குனிந்தால்

அந்த வீட்டில் மேசை ஒன்று, கணினி இரண்டு. மேசைக்கு அடியில் மருமகளின் கேமிங் டெஸ்க்டாப். மேலே கணவனின் அலுவலக லேப்டாப். பெரிய மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றும் பொது. மாலையில் அவன் கட்டட வரைபடங்களை மூடிய பிறகு, அவள் மேசைக்கு அடியில் தவழ்ந்து கேபிள்களைப் பிடுங்கி மாற்றுவாள். போன வாரம் அவன் வேலை இழுத்துக்கொண்டது. அவள் ஆன்லைனில் தன் அணியோடு ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்துக்குத் தாமதமாகப் போனாள்.

"கொசு, இன்னொரு தடவை சொதப்பினா உன் இடம் வேற ஆளுக்கு" என்று அணியின் கேப்டன் சொல்லிவிட்டாள். கொசு என்பது ஆட்டத்தில் அவள் பெயர். எதிரி அசந்த நேரம் பார்த்துக் கடிப்பதால் வந்தது.

அதனால்தான் சோப்புப் பெட்டி அளவில் ஒரு ஸ்விட்ச் பெட்டி வாங்கினார்கள். இரண்டு கணினிகளையும் அதில் இணைத்து, பொத்தானை அழுத்தினால் போதும். மானிட்டரும் கீபோர்டும் மவுஸும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதைதான்" என்றாள் மாமியார், கட்டிலில் கால் நீட்டியபடி. "எப்ப யார் பக்கம் இருக்குமோ!"

அன்று போட்டியின் அரையிறுதி. மூன்று சுற்றில் இரண்டை வெல்ல வேண்டும். கணவன் மேசை ஓரத்தில் லேப்டாப்பின் சின்னத் திரையோடு அலுவலகக் கூட்டத்தில் இருந்தான்.

முதல் சுற்றில் அவள் சுவருக்குப் பின்னால் பதுங்கினாள். சட்டென்று திரை இருண்டது. வெளிச்சம் வந்தபோது எதிரியைக் காணோம். ஒரு மாடிப்படியின் வரைபடம் நின்றது. அவள் பதறி விசைகளைத் தட்டினாள்.

"ஐயோ, மேனேஜருக்கு சாட்ல ஒரே எழுத்தா வரிசையா போகுது!" என்று கணவன் மைக்கைப் பொத்திக்கொண்டு அலறினான். "என்ன சொல்ல வர்றீங்கன்னு கேக்குறாரு!"

பொத்தானை அழுத்தித் திரும்புவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது. அதே சுற்றில் மறுபடியும் மாடிப்படி வந்தது. இந்த முறை செத்தேபோனாள். சுற்று போயிற்று.

"கொசு, தூங்குறியா? இனி ஒரு தடவை காணாம போனா மாற்று ஆள்தான்" என்றாள் கேப்டன் ஹெட்போனில்.

இடைவேளை. "பெட்டி டூப்ளிகேட்டுங்க!" என்று அவள் குமுறினாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் மாமியார்.

"எனக்கா அத்தை ஆடத் தெரியாது?"

சுருக்கென்றது. பயிற்சிக் களத்தைத் திறந்தாள். ஓடினாள், திரை மாறவில்லை. சுட்டாள், மாறவில்லை. குனிந்தாள், ஒன்றுமில்லை. வேகமாக இரண்டு முறை குனிந்தாள்.

மாடிப்படி.

தலைக்கு வரும் குண்டை ஏமாற்ற அவள் பழகிய வித்தை அது. குனிய கண்ட்ரோல் விசை. அதை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் கணினியை மாற்று என்று பெட்டி எடுத்துக்கொள்கிறது. கீபோர்டு படம் போட்ட துளையில் செருகியதைத்தானே அது ஒட்டுக்கேட்கிறது? பக்கத்தில் பென் டிரைவுக்கான சாதாரணத் துளை சும்மா இருந்தது. கீபோர்டை அதில் மாற்றிச் செருகினாள். இரண்டு முறை குனிந்தாள். திரை மாறாமல் நின்றது. பத்து முறை குனிந்தாள். நின்றது.

"இனி பொத்தானை அழுத்தினாத்தான் மாறும்" என்றாள்.

"அப்போ என் மானத்தை வாங்கினது உன் வித்தைதானா?" என்றான் கணவன்.

இரண்டாம் சுற்றை எளிதாக வென்றார்கள். மூன்றாவதில் தோழிகள் எல்லாரும் விழுந்து, இருவருக்கு எதிராக அவள் மட்டும் மிஞ்சினாள். குனிந்தாள், எழுந்தாள், குனிந்தாள். குண்டு தலைக்கு மேலே பறந்தது. திரை மாறாமல் மலைபோல நின்றது. ஒருவன் சாய்ந்தான்.

மாமியார் கட்டிலை விட்டு எழுந்துவிட்டாள். "தூணுக்குப் பின்னாடி இன்னொருத்தன்! விடாதே!"

விடவில்லை.

"ஃபைனல்லயும் நீதான்டி கொசு! உன் இடத்தை எவளும் கேக்க முடியாது!" என்று கேப்டனின் கூச்சல் ஹெட்போனைத் தாண்டி அறையில் கேட்டது.

கணவனின் விரல் பொத்தானை நோக்கி நகர்ந்தது. "இப்போ என் முறை."

மாமியார் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "இருடா. பேரு வரட்டும்."

திரையில் புள்ளிப் பட்டியலின் உச்சியில் 'கொசு' என்று வந்தது. மூவரும் நிதானமாகப் படித்தார்கள். பிறகு அவளே பொத்தானை அழுத்தி மாடிப்படியை வரவழைத்தாள்.