ஊதினால் பேசாத காசு

வாமெங் காசை ஊதும்போது வீட்டில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. அவன் முகம் போகிற போக்கைப் பார்த்தே அடங்கிவிடுவார்கள். காசின் நடுவை இரண்டு நகங்களால் பிடித்து, விளிம்பில் ஒரே ஊது ஊதிச் சட்டென்று காதோடு வைத்துக்கொள்வான். நல்ல வெள்ளி என்றால் மெல்லிய ரீங்காரம் ஒன்று நீண்டுகொண்டே போகும். போலி என்றால் ஊமை. நோங் ஹேத் மலையடிவாரத்தில் எந்த வீட்டில் பரிசம் போட்டாலும் பெண் வீட்டார் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் கையைத் தாண்டி ஒரு கள்ளக் காசு போனதில்லை என்று பேர். அந்தப் பேரில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இன்றைக்குப் பரிசம் அவனுடைய அண்ணன் மகள் மாவ்வுக்கு. தாழ்வான மேசையின் ஒரு பக்கம் அண்ணன் சோங்லூவும் வாமெங்கும். எதிரில் மாப்பிள்ளையின் சித்தப்பா சாய்தோ, பேச்சு நடத்த வந்தவன். அவன் பக்கத்தில் பெண் கேட்டு வருபவர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் கறுப்புத் துணி சுற்றிய குடை, முன்னால் சாராயக் கிண்ணங்கள். அடுப்புப் பக்கம் பெண்கள் கோழி உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு மாப்பிள்ளையின் அம்மா பா ஞியாவும் உட்கார்ந்திருந்தாள். புருஷன் செத்த பிறகு ஒற்றை ஆளாக நின்று மகனை வளர்த்தவள்.

அவள் உள்ளே வந்தபோது வாமெங் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

எல்லாம் பழைய பிரெஞ்சுக்காரன் காசுகள். ஒரு பக்கத்தில் தலையைச் சுற்றி ஒளிக்கதிர் முளைத்த ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். புகையேறிக் கறுத்த காசை வாமெங்குக்குப் பிடிக்கும், அது பெட்டியில் மரியாதையாக இருந்த காசு. சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வந்தால் முகத்தைச் சுளிப்பான். ஒவ்வொன்றாக ஊதி, விளிம்பின் வரிகளை விரலால் தடவி, நல்லதை வலப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு காசில் மட்டும் நின்றான்.

"இதுல ஓட்டை இருந்திருக்கு. ஈயம் ஊத்தி அடைச்சிருக்காங்க."

"வெள்ளி வெள்ளிதானே அண்ணே?" என்றான் சாய்தோ.

"வெள்ளிதான். ஆனா குரல் கட்டிப்போச்சு. வேற குடு."

"கல்யாணம் காசுக்கா, பொண்ணுக்கா? கொஞ்சம் கண்ணை மூடிக்கயேன்."

"நான் கண்ணை மூடினாலும் காது மூடாது."

பெண் வீட்டார் சிரித்தார்கள். சாய்தோவுக்குக் காது சிவந்துவிட்டது. கொண்டுவந்த பை காலி. சபையில் ஒரு காசு குறைந்தால் அவன் வம்சத்துக்கே இழுக்கு. எழுந்தான், அடுப்படிக்குப் போனான், அண்ணியின் தோள்பையில் கையை விட்டான். அடியில் துணியில் முடிந்து வைத்திருந்த ஏதோ கையில் தட்டுப்பட்டது.

"அது வேண்டாம்! அதை எடுக்காதே!" பா ஞியா கோழி இரத்தம் படிந்த கையோடு எழுந்தாள். அதற்குள் அவன் முடிச்சை அவிழ்த்துக் காசை மேசையில் வைத்துவிட்டான்.

விளிம்பருகில் ஒரு துளை. துளையில் வெளுத்துப்போன சிவப்பு நூல்.

வாமெங் அதைத் தொடவே இல்லை. தொடாமலே தெரிந்துவிட்டது. உட்கார்ந்திருப்பவளின் பாதத்துக்குச் சற்றுத் தள்ளி, ஆணியைக் கோணலாக வைத்து அடித்த துளை. அடித்தது அவன்தான். நூல் அவனுடைய இடுப்புக் கச்சையிலிருந்து உருவியது.

அப்போது அவனுக்கு மீசை அரும்புகிற வயது. புத்தாண்டுக்குப் பையன்களும் பெண்களும் எதிரெதிர் வரிசையில் நின்று துணிப்பந்து எறிந்து விளையாடினார்கள். பந்தைத் தவறவிட்டவர் எதிராளியிடம் ஒரு பொருளைக் கொடுத்துவிட வேண்டும். திரும்ப வேண்டுமென்றால் அவர் முன்னால் நின்று பாடி வாங்கிக்கொள்ளலாம். பா ஞியா எறிந்த பந்தை அவன் வேண்டுமென்றே விட்டான். இந்தக் காசைக் கொடுத்தான். அவள் பெயருக்கு அர்த்தம் வெள்ளிப்பூ, அதனால் வெள்ளிதான் கொடுக்க வேண்டும் என்று ஒரு பன்றிக்குட்டியை விற்று வியாபாரி ஒருவனிடம் வாங்கியது. "அடுத்த புத்தாண்டுக்கு வந்து பாடி வாங்கிக்கிறேன்" என்றான். அடுத்த புத்தாண்டு வருவதற்குள் போரில் ஊரே சிதறியது. அவன் குடும்பம் மேகோங் ஆற்றைத் தாண்டி அக்கரை அகதி முகாமில் கிடந்தது. காசுகளின் குரலை அவன் கற்றுக்கொண்டது அங்கேதான். அரிசிக்காக ஜனங்கள் கழுத்திலும் இடுப்பிலும் கிடந்த வெள்ளியை அவிழ்த்து விற்பார்கள், அவன் ஊதிப் பார்த்துச் சொல்வான். கைக்கு வந்த ஒவ்வொரு காசிலும் ஒரு கோணல் துளையைத் தேடினான். திரும்பி வந்தபோது அவள் இன்னொருத்தன் வீட்டில் இருந்தாள். அவனும் பிறகு ஒருத்தியைக் கட்டினான், வாழ்ந்தான், அந்தப் புண்ணியவதியும் போய்ச் சேர்ந்தாள்.

"என்ன தம்பி, கல்லா ஆயிட்டே? ஊது" என்றான் சோங்லூ.

ஊதினான். காதில் வைத்தான்.

ஊமை.

மறுபடியும் ஊதினான். துளையின் உள்விளிம்பைப் பார்த்தான். மேலே பூசிய வெள்ளைக்கு அடியில் சாம்பல் நிறத் தகரம் தெரிந்தது. விளிம்பில் வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடுகூட இருந்தது. சின்னப் பிள்ளையும் கண்டுபிடிக்கும் போலி. அந்த வியாபாரி அவன் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். முப்பது வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த ஒரே வெள்ளி தகரம் என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? வாமெங்குக்கு அழுகையே வந்தது.

அழுவதற்கு நேரம் இல்லை. எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போலி என்று சொன்னால், பரிசத்தில் கள்ளக் காசு வைத்தவள் என்ற பழி பா ஞியா தலையில் விழும். பெண்ணைக் கொடுக்கமாட்டேன் என்று சோங்லூ எழுந்தாலும் எழுவான். நல்லது என்று சொன்னால், அவன் காதை நம்பிய சபைக்கு முன்னால் முதல் பொய். அடுப்படியில் அவள் தலை குனிந்து நின்றாள். விரல்கள் முந்தானைத் துணியை முறுக்கிக்கொண்டிருந்தன.

"இது பரிசக் காசு இல்லை" என்றான் வாமெங்.

"பின்னே?"

"என்னோடது. சின்ன வயசுல பந்து விளையாட்டுல தோத்துக் குடுத்தேன். பாடித் திருப்பிக்கல. இன்னும் அவங்க கையிலதான் இருக்கு. அடுத்தவன் பொருளைப் பரிசத்துல வைக்க முடியுமா?"

சாய்தோ தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "அடப்பாவி! ஊர்க்காசையெல்லாம் ஊதிப் பார்த்துட்டு, தன் காசை எங்க வீட்டுலயா ஒளிச்சு வெச்சிருந்தே?"

"அப்போ பாடுடா!" என்று அண்ணனே கத்தினான். "பாடாம எடுத்தா கள்ளன்!"

"ஒரு காசு குறையுதே" என்றான் சாய்தோ, சந்தடி சாக்கில்.

"அந்த அடைச்ச காசையே வெச்சுக்கறேன். வெள்ளி சுத்தம். தொண்டைதான் கட்டியிருக்கு, என்னை மாதிரி."

பாடினான். குரல் உடைந்தது, நடுவில் ஒரு அடி மறந்தது. பந்து விழுந்த இடத்தில் புல் முளைத்ததாகவும், ஆறு பெரிதாக இருந்ததாகவும், வருகிறேன் என்று சொன்னவனுக்கு வழி நீண்டுபோனதாகவும் வாய்க்கு வந்ததைப் பாடினான். முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. முடித்தபோது அடுப்படியிலிருந்த ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். சாய்தோ கிண்ணத்தை நிரப்பி அவன் கையில் திணித்தான். காசு வாமெங்கின் சட்டைப் பைக்குள் போனது.

சாப்பாடு முடிந்து வெயில் சாய்ந்த பிறகு, மாப்பிள்ளை வீட்டார் குதிரையில் சுமை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பா ஞியா தண்ணீர்க் குழாயடியில் கை கழுவினாள். வாமெங் பக்கத்தில் போய் நின்றான்.

"மன்னிச்சுக்க சம்பந்தி. அது தகரம்னு எனக்கு அப்போ தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"எப்போ?"

"நீ குடுத்த அன்னிக்கே. வீட்டுக்குப் போற வழியிலயே ஊதிப் பார்த்தேன்." அவள் கையை உதறினாள். "எங்கப்பா வெள்ளிக் கொல்லர். மறந்துட்டியா?"

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் வெச்சிருந்தே?"

பா ஞியா சிரிக்கத்தான் நினைத்தாள். முகம் பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"நல்ல வேளை தகரமாப் போச்சு. பஞ்ச காலத்துல வீட்டுல இருந்த வெள்ளியெல்லாம் வித்துத் தின்னோம். எங்கம்மா போட்ட ஆரம், என் வளையல், எல்லாம் போச்சு. பசியில தெரிஞ்சே இதையும் கொண்டுபோனேன். வெள்ளி வாங்குறவன் ஊதிப் பார்த்துட்டு எம்மேலயே வீசிட்டான். அதனாலதான் இது எங்கிட்ட மிஞ்சுச்சு."

சாய்தோ குதிரைப் பக்கமிருந்து கூப்பிட்டான். அவள் பையைத் தோளில் மாட்டினாள். வாமெங் காசை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"பாடியாச்சு. இனி உன்னோடது."

அவள் இறங்கிப் போன பிறகு வாமெங் காசை நகங்களுக்கு நடுவே பிடித்து இன்னொரு தரம் ஊதினான். காதோடு வைத்துக்கொண்டு, கீழே குதிரைகளின் சலங்கை ஓயும்வரை அங்கேயே நின்றான்.